சாக்பீஸ் இருக்கிறதா, ஆரம்பிக்கலாம்!

கேள்வி: கல்வராயன் மலையில் சிக்னலே சரியாகக் கிடைக்காது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தர முடியுமா?
– ஓர் ஆசிரியை, வெள்ளிமலை

பதில்: தாராளமாக, டீச்சர். முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். வாசலில் கோலம் போடும் பிள்ளைக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதலாம் என்று கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

வகுப்புத் தரையில் கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை ரோபோ, இன்னொன்று உத்தரவு போடும். "மூணு கட்டம் முன்னால போ, வலது பக்கம் திரும்பு." இதையே நாலு தடவை செய்தால் சதுரம். திரும்பச் சொல்ல மறந்தால் ரோபோ நேரே சுவரில் போய் நிற்கும், வகுப்பே சிரிக்கும். எந்த வரியில் பிசகு என்று உத்தரவு போட்ட பிள்ளையே தேடித் திருத்தட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கோடிங்கின் உயிரே அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்துதான் கோடிங் என்கிறது. அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் ஸ்கிராட்ச் போடுங்கள். எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள், நெட் இல்லாமலும் ஓடும். கள்ளக்குறிச்சியில் டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொண்டுபோங்கள். மலையேறும் பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கமாட்டார்கள்!