தென்னை களையாகிப் போன கரையிலிருந்து



பிரிஸ்பேனிலிருந்து ஊரவர்களுக்கு இன்னொரு கடிதம். இம்முறை சுகநலம் குறைவு, காட்டுப் புதினம் அதிகம். களுவாஞ்சிகுடியிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த பெத்தா ஒருவரை, ஜூலைப் பள்ளி விடுமுறையில், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாகக் குயின்ஸ்லாந்தின் வடக்குப் பக்கம் மழைக்காடு காட்டக் கூட்டிப்போனார்கள். விமானம், வாடகைக் கார், தங்குமிடம் என்று மகன் கட்டிய தொகையை மனதுக்குள் ரூபாவாக்கிப் பார்த்த பெத்தா, "காடு பார்க்கவா மனே இவ்வளவு காசு? படுவான்கரைக்குப் போனாச் சும்மா பார்த்திட்டு வரலாமே" என்றார். மகன் வாய் திறக்கவில்லை. கட்டிய காசு திரும்பி வராது.

அவர்கள் போனது டெயின்ட்ரி தேசியப் பூங்கா. கெயார்ன்ஸ் நகரிலிருந்து கடலோரமாக வடக்கே காரோட வேண்டும். பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றர். மட்டக்களப்பு மாவட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வரும் காட்டு மரபு இது என்கிறார்கள். அவுஸ்திரேலியாவும் இலங்கையும் கொண்டவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்த காலத்துப் பூமரக் குடும்பங்களின் வாரிசுகள் இங்கே இன்னும் பூத்துக் காய்க்கின்றன. இதையெல்லாம் மகன் காரோட்டியபடி விளக்கினார். பின் சீற்றில் பிள்ளைகள் தொலைபேசியில் விளையாடினார்கள். பெத்தா நித்திரை.

பெத்தா கண் விழித்தது டெயின்ட்ரி ஆற்றங்கரையில். ஆற்றுக்குப் பாலமில்லை. இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும் மிதவைப் பாதை ஒன்று கார்களை ஏற்றி அக்கரையில் இறக்குகிறது. ஊரில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் போய்வந்தே வளர்ந்தவருக்கு இது பெரிய சந்தோசம். காரை விட்டு இறங்க விடவில்லை என்பது மட்டும் குறை. பாலம் கட்டலாமா என்ற பேச்சு இங்கேயும் அடிக்கடி எழும். கட்டினால் கூட்டம் பெருகிக் காடு கெட்டுப்போகும் என்று மறிக்கிறவர்கள் அந்தப் பகுதி ஆட்களிலேயே பலர். ஆற்றுக்கு வடக்கே அரசின் மின்கம்பியும் இல்லை. சூரியத் தகடும் ஜெனரேட்டரும்தான். "பாலமும் வேணாம், கரண்டும் வேணாமாம். மறுகா என்னதான் வேணுமாம்?" என்று பெத்தா கேட்டார். பாலம் எப்போது வரும் என்று அரசியல்வாதிகளைக் கேட்டுக் கேட்டே கிழவியானவர் வேறு எப்படிக் கேட்பார்?

அடுத்தது முதலைச் சவாரி. டிக்கெட் எடுத்து, படகில் ஏறி, மூச்சுக் காட்டாமல் கரையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வழிகாட்டி தொலைநோக்கியால் துழாவிக்கொண்டிருக்கும்போதே, சேற்றோடு சேறாகக் கிடந்ததைப் பெத்தா விரலால் காட்டிவிட்டார். படகே கைதட்டியது. மட்டக்களப்பு வாவியிலும் முதலை உண்டு. உப்பு நீருக்கும் நன்னீருக்கும் போய்வரும் இந்த இனமே இலங்கையிலும் இருக்கிறது. ஊரில் முதலையைக் கண்டால் கரைக்கு ஓடுவோம், இங்கே படம் எடுக்கக் கிட்டப் போகிறார்கள். வேட்டையால் அருகிப்போன இவற்றைக் குயின்ஸ்லாந்து 1974இல் சட்டம் போட்டுக் காப்பாற்றியது. ஆற்றோரமெங்கும் எச்சரிக்கைப் பலகை நிற்பதும் அந்தக் காப்பாற்றலின் பலன்தான்.

கடற்கரையில் வேறொரு பலகை. அதன் கீழே ஒரு போத்தல் வினாகிரி. மூத்த பேரன் அதைக் கண்டதும், உருளைக்கிழங்குப் பொரியலுக்கு ஊற்ற வைத்திருக்கிறார்கள் என்று கடை தேடிப் புறப்பட்டான். நவம்பர் முதல் மே வரை இந்தக் கடலில் பெட்டிச் சொறிமுட்டை வரும். ஆளைக் கொல்லும் நஞ்சு. பட்ட இடத்தில் உடனே ஊற்றத்தான் வினாகிரி. காட்டுக்குள்ளும் நிம்மதியில்லை. இதய வடிவ இலையோடு பார்க்கப் பதமாக நிற்கும் ஜிம்பி ஜிம்பி என்ற செடியைத் தொட்டால் வலி மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். அதன் நஞ்சு சிலந்தி நஞ்சைப் போல நரம்பைத் தாக்குவதை 2020இல் பிரிஸ்பேனிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். ஊர்க் காஞ்சோன்றி இதற்கு முன்னால் பச்சைப்பிள்ளை. வழியோரம் கண்ட இலையையெல்லாம் கிள்ளி முகர்ந்து பார்க்கும் பெத்தாவின் கையை, அன்று முழுக்க மருமகள் விடாமல் பிடித்திருந்தார். மாமியும் மருமகளும் இப்படிக் கைகோர்த்து நடந்ததைப் படம் பிடித்து மகன் உடனே ஊருக்கு அனுப்பிவிட்டார். காரணத்தை எழுதவில்லை.

கசோவரி என்றொரு பறவை. ஆளுயரம், நீலக் கழுத்து, தலையில் கொம்புத் தொப்பி, உள் விரலில் கத்தி நகம். பறக்காது, ஆனால் உதைக்கும். பெரிய பழங்களை முழுதாய் விழுங்கி விதைகளைக் காடெங்கும் கொண்டுபோய் இடுவது இதன் வேலை. பெட்டைதான் உருவில் பெரிது. முட்டையிட்டதோடு அது தன் பாட்டுக்குப் போய்விடும். ஐம்பது நாளளவு அடைகாப்பதும், பிறகு மாதக்கணக்கில் குஞ்சுகளை மேய்ப்பதும் சேவலின் பொறுப்பு. தாய்வழியில் குடி எண்ணி, வீடு வளவை மகளுக்கு எழுதி, மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு எடுக்கிற மட்டக்களப்பில் பிறந்தவருக்கு முதல் பாதி பிடித்தது. மறு பாதி பிடிக்கவில்லை. "பொம்பிளை பெரிசா இருக்கிறது சரி. பிள்ளையை விட்டிட்டுப் போறது எங்கட பழக்கமில்ல கா" என்று மருமகளிடம் தீர்ப்புச் சொன்னார்.

மத்தியானம் புட்டும் பொரித்த மீனும் சம்பலும் விரித்தார்கள். புதருக்குள்ளிருந்து சிவந்த மொட்டைத் தலையோடு வந்த காட்டு வான்கோழி ஒன்று, பெட்டியை மூடுமுன் ஒரு துண்டு மீனைக் கவ்விக்கொண்டு போயிற்று. மீன் போன கவலை யாருக்குமில்லை. வனவிலங்குக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாதென்ற பலகை நேர் எதிரே நின்றது; தண்டம் எழுத யாராவது வருகிறார்களா என்று மகன் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு கேள்வி வந்தால் வான்கோழி களவெடுத்தது என்று சொல்லத் தீர்மானமாயிற்று.

தென்னைச் சங்கதிதான் பெத்தாவுக்குத் தாங்க முடியாதது. இந்தக் காட்டுக்குத் தென்னை உரியதல்ல, கரையோரத்து இயல்பான செடிகளை நெருக்கிவிடும் களை, பிடுங்க வேண்டும் என்று வாதாடுகிற சூழல்காரர் உண்டு. பிடுங்காத இடங்களில், ஆளின் தலையில் விழுந்தால் வழக்கு வருமென்று உள்ளூராட்சிச் சபைகள் ஆள் வைத்துக் குலையை வெட்டிவிடுகின்றன. இந்த நாட்டில் சந்தையில் ஒரு தேங்காய்க்குக் கொடுத்த விலை பெத்தாவுக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் யாருடனும் பேசவில்லை.

மனசை மாற்றியது கண்டல் காடு. சேற்றுக்கு மேலே பலகை அடித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலூன்றிய வேரும் நண்டு வளையும் அந்தச் சேற்று மணமும் வாவிக்கரையேதான். மண்டூர்க் கோயிலின் தில்லை மரம் இந்தக் கரைகளுக்கும் உரியது. பால் கண்ணில் பட்டால் பார்வை போகுமென்ற எச்சரிக்கையும் அதுவே. "கண்டலுக்க நடக்கப் பலகை போட்டிருக்காங்க. நாங்க விறகுக்கு வெட்டினோம்" என்றார் பெத்தா. இலங்கை 2015இல் தன் கண்டல் காடுகள் எல்லாவற்றையும் பாதுகாப்பதாக அறிவித்ததை மகன் சொன்னார். வாவியோரத்தில் அது எவ்வளவு நடக்கிறது என்பதை அங்கே இருக்கிற நீங்கள்தான் எழுத வேண்டும்.

திரும்பும் வழியில் மொஸ்மன் பள்ளத்தாக்கு. காட்டுக்குள் போகுமுன் குக்கு யலாஞ்சி மக்களின் வழிகாட்டி இலைகளை நெருப்பில் இட்டுப் புகை காட்டினார். மற்றவர்கள் இருமிக்கொண்டு விலக, பெத்தா சேலைத் தலைப்பைச் சொருகி, இரண்டு கையாலும் புகையை வாரி முகத்தில் ஒற்றினார். 2021 செப்டெம்பரில் இந்தப் பூங்காவை அரசு அந்த மக்களுக்கே திருப்பிக் கொடுத்து, இப்போது இரு பகுதியும் சேர்ந்து பராமரிக்கின்றன என்று வழிகாட்டி சொன்னார். மகன் மொழிபெயர்த்தார். பெத்தா கேட்டது ஒன்றே: "உறுதியோட குடுத்தாங்களா, சும்மா வாயாலயா?" உறுதியோடுதான் என்றதும் தலையாட்டினார். கிழக்கிலிருந்து வந்தவர் வேறெதைக் கேட்பார்.

இதை வாசித்துவிட்டு விசாவுக்கு ஓட நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். டெயின்ட்ரி அடங்கிய குயின்ஸ்லாந்து ஈரவலயக் காடுகள் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது 1988இல். எங்கள் சிங்கராஜ வனம் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். கலவானைப் பக்கம் குடாவை வாசலால் வழிகாட்டியோடு உள்ளே போகலாம். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை பார்த்துப் போங்கள். அட்டை கடிக்கும், நீளக் காலுறை போட மறக்க வேண்டாம்.