நான் மெக்கானிக்கா? – கேள்வி-பதில்

வாசகர், போளூர்: பைக் ரிப்பேரை நாமே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

இரண்டு வரி ஆகும். தப்பாகச் செய்தால் வண்டி கிளம்பாது என்கிற வேலை உங்களுடையது. தப்பாகச் செய்தால் வண்டி நிற்காது என்கிற வேலை மெக்கானிக்குடையது.

வாசகர், செங்கம்: எது எதில் சேரும்?

ப்ளக், ஏர் ஃபில்டர், செயினுக்கு எண்ணெய், பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை – இவை உங்களுக்கு. பிரேக், கோன் செட், வீல் பேரிங் – கடைக்கு. ஒன்று மட்டும்: இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதீர்கள். செயினுக்கு ஸ்பேர் கிடைக்கும், விரலுக்குக் கிடைக்காது.

வாசகர், தண்டராம்பட்டு: ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்?

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அதுதான். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. மாட்டிவிட்டு நேரே கடைக்குப் போங்கள். இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். மாட்டும்போது ஸ்பேனருக்கு முன் விரலாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம், ப்ளக் கோணலாக ஏறினால் மரை போய்விடும். அப்புறம், மரை கழன்றது வண்டிக்கா உங்களுக்கா என்று வீட்டில் பட்டிமன்றம்தான்.

வாசகர், ஆரணி: அப்பா தன் பழைய புல்லட்டைத் தானே பிரித்து மாட்டுவார். என் புது பைக்கில் நான் கைவைக்கலாமா?

1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டில் கார்புரேட்டர், பாயிண்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கோளாறு காதுக்கும் கேட்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலை அளந்து கொடுப்பது கம்ப்யூட்டர். இன்ஜின் விளக்கு எரிந்தால் அதற்குக் காரணம் கேட்க ஸ்கேனர் வேண்டும். அப்பாவிடமிருந்து காதை வாங்கிக்கொள்ளுங்கள்; ஸ்க்ரூ டிரைவர் அவரிடமே இருக்கட்டும்.

வாசகர், அடி அண்ணாமலை: திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வண்டி நின்றுவிட்டால்?

அந்த 14 கி.மீ. பாதையை வெறுங்கையோடு நடந்தால் கிரிவலம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கர்மவினை. தள்ளுமுன் பெட்ரோல், கில் சுவிட்ச், ப்ளக் மூடி மூன்றையும் பாருங்கள்.

வாசகர், கீழ்பென்னாத்தூர்: குபேர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மெக்கானிக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது!

கும்பிடுங்கள். கூடவே மூன்று வாக்கியங்களையும் எடுத்துப் போங்கள்: “எவ்வளவுண்ணா ஆகும்?”, “கேட்காம வேற எதையும் மாத்தாதீங்க”, “கழட்டின பழைய சாமானைக் குடுத்துடுங்க.” மூன்றாவதுக்குத்தான் பலன் அதிகம்.

வாசகி, வேங்கிக்கால்: என் கணவர் யூடியூப் பார்த்து ஞாயிறெல்லாம் பைக்கைப் பிரிக்கிறார். திங்களன்று பஸ்ஸில் ஆபீஸ் போகிறார்.

கைவேலையை இந்த ஊரில் இளக்காரமாகப் பேச முடியாது. ரமணரே ஆசிரமத்தில் காய் நறுக்கினார், சமைத்தார், புத்தகம் பைண்டு செய்தார். ஆனால் அவர் கேட்கச் சொன்ன கேள்வி, ‘நான் யார்?’ உங்கள் கணவர் ஸ்பேனரைத் தொடுமுன் அதைச் சற்றே மாற்றி, ‘நான் மெக்கானிக்கா?’ என்று கேட்டுக்கொள்ளட்டும். பதிலில் தயக்கம் இருந்தால் சனிக்கிழமையே வண்டியைக் கடையில் விட்டுவிடுவது நல்லது. இல்லை, பிரித்தே தீருவேன் என்றால் காலையில் தொடங்கட்டும். திங்கள் காலை வேண்டிய வண்டியை ஞாயிறு மாலை பிரிக்கக் கூடாது.