கேளாமல் கொடுத்த வள்ளல்

முல்லை கேட்காமலே பாரி தேர் கொடுத்தான். மயில் கேட்காமலே பேகன் போர்வை கொடுத்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்து மக்கள் கேட்காமலே, அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவர்களுக்கு ஜெட் விமானங்களைக் கொடுத்தது. வள்ளல்கள் ஏழு பேர் என்று பட்டியலை மூடியவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

கொடைநாள் 2014 செப்டம்பர் 18. அதுவரை பீனிக்ஸின் ஸ்கை ஹார்பர் நிலையத்திலிருந்து மேற்கே புறப்படும் விமானங்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டைகளுக்கும் வயல்களுக்கும் மேலே நெடுந்தூரம் போய், அதன் பிறகே திரும்பும். குடியிருப்புகளும் பள்ளிகளும் அந்தப் பாதைக்குக் கீழே பெருகாதபடி நகராட்சியும் பல ஆண்டுகளாக நிலப் பயன்பாட்டைத் திட்டமிட்டு வந்தது. கிடங்குகளும் பருத்திச் செடிகளும் மட்டும் அனுபவித்த நாதத்தை மனிதர்களும் அனுபவிக்க வேண்டாமா என்று நிர்வாகம் இரங்கியது. ஒரே நாளில் பாதைகள் மாறின. விமானங்கள் முன்னதாகவே திரும்பின. என்கான்டோ-பாம்கிராஃப்ட், வில்லோ, ரூஸ்வெல்ட், ஸ்டோரி எனப் பழமை குலையாமல் காத்துவந்த பேட்டைகளின் தலைக்கு மேல் வானம் சுறுசுறுப்பானது. சில பகுதிகளில் விமானப் போக்குவரத்து 300 சதவீதம் கூடியது. புதிதாக வந்தவற்றில் 85 சதவீதம் ஜெட். மட்டமான சரக்கைக் கொடுத்து ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கொடையின் துல்லியத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். முன்பெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் வாய்மொழியாகத் திசை சொல்வார். ஒரு விமானம் சற்று முன்னே திரும்பும், இன்னொன்று சற்றுத் தள்ளித் திரும்பும். இரைச்சல் அகலமாகச் சிதறிப்போகும். எவருக்கும் முழுப் பங்கு கிடைக்காது. செயற்கைக்கோள் வழிகாட்டல் அந்தக் குறையைத் தீர்த்தது. காலையில் முதல் விமானம் போன கோட்டிலேயே இரவில் கடைசி விமானமும் நூல் பிடித்தாற்போலப் போனது. ஊர் முழுக்கத் தூறிய மழையைத் திரட்டி ஒரு தெருவின் கூரைகள்மேல் மட்டும் கொட்டுவதற்கு எவ்வளவு பொறியியல் வேண்டும்! இதனால் எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம் என்கிறார்கள். உண்மைதான். மிச்சமானதெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு. மிஞ்சியது கீழே இருப்பவர்களுக்கு.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். நிர்வாகம் அந்த அறத்தையும் காத்தது. நகர மேயரை எழுப்பவில்லை, மாமன்ற உறுப்பினர்களைச் சிரமப்படுத்தவில்லை. நகராட்சி விமானத் துறையின் கீழ்நிலை ஊழியர்கள் சிலரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னது. சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிக் கருத்துச் சொல்லத் தங்களுக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை என்று அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வந்தது. இப்படித் தன்னடக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் கலந்தாலோசிக்கும் அரசு அலுவலகம் உலகில் வேறெங்கே இருக்கிறது?

அடுத்தது தீர்க்கதரிசனம். பாதை மாற்றத்தால் கடும் சர்ச்சை எழாது என்றால், விரிவான சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்கு எடுத்துக்கொள்ளலாம். சர்ச்சை எழாது என்று நிர்வாகம் முன்கூட்டியே கண்டது. கண்டது சரிதான்: விஷயம் தெரியாதவர்கள் எப்படிச் சண்டைக்கு வருவார்கள்? கணினி மட்டும் கொஞ்சம் பயந்தது. இரைச்சலைக் கணக்கிட்ட மென்பொருள், இரண்டு பகுதிகளில் எதிர்ப்புக் கிளம்பக்கூடும் என்று காட்டியது. இயந்திரத்தின் படபடப்புக்கு மனிதர்கள் இடம் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் அமைதி காத்தது.

அந்த அமைதிக்குப் பின்னால் இருக்கும் கணிதத்தையும் வணங்க வேண்டும். அமெரிக்க விமான இரைச்சலை அளக்கும் முறை, இருபத்து நான்கு மணி நேரச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரியாக்குவது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை வரும் சத்தத்துக்கு மட்டும் பத்து டெசிபல் கூடுதலாகப் போடுவார்கள். தூங்குபவர்களையும் மறக்காத கருணை. அந்தச் சராசரி 65 டெசிபலைத் தொட்டால்தான் உங்கள் வீடு இரைச்சலுக்கு ஒவ்வாத இடம். 64 என்றால் ஒத்துப்போகிற இடம். ஜன்னலைச் சாத்திய பிறகும் வீட்டுக்குள் பேச முடியவில்லை என்று பீனிக்ஸ்காரர்கள் புகார் சொன்னபோது, அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்: விமானம் தலைக்கு மேல் இருக்கும் அரை நிமிடம் போக, அது இல்லாத மற்ற நேரமும் அவர்கள் கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டிருந்தது. மனிதக் காதுக்குச் சராசரி எடுக்கத் தெரியாதது நிர்வாகத்தின் குற்றமா?

புகார்கள் குவிந்தன. இப்படி ஒரு வெள்ளத்தை இதற்கு முன் கண்டதில்லை என்றார் நகரின் விமானத் துறைத் தலைவர். இங்கேதான் நிர்வாகத்தின் இன்சொல் வெளிப்பட்டது. எவரையும் முகத்தில் அடித்தாற்போல் அனுப்பவில்லை. கூட்டத்துக்கு வந்தார்கள், பேசினார்கள், பார்க்கலாம் என்றார்கள், சரிசெய்ய வழி தேடுகிறோம் என்றார்கள். இத்தகைய உத்தரவை எதிர்த்து வழக்குப் போட அறுபது நாள்தான் கெடு. நம்பிக்கையான பேச்சில் அறுபது நாள் போவதே தெரியாது. நகராட்சி 2015 ஜூனில் நீதிமன்றத்துக்குப் போனபோது கெடு முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘காலம் கடந்துவிட்டதே’ என்று நிர்வாகம் அங்கே சுட்டிக்காட்டியது. பேசிக் காலம் கடத்தியவரே காலத்தின் அருமையையும் எடுத்துச் சொல்வது எத்தனை பேருக்கு வரும்!

வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இந்த நுட்பத்தை ரசிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருந்தார். மூன்று நீதிபதிகளில் அவர் மட்டும் மனு தாமதமானது என்று ஒதுக்கினார். மற்ற இருவரும், தீர்த்துவைப்பதாகச் சொல்லிச் சொல்லியே கெடுவைக் கடத்திவிட்டுப் பிறகு தாமதம் என்று வாதாடுவதை ஊக்குவிக்க முடியாது என்றார்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு வந்தது: புதிய பாதைகளுக்குத் தந்த ஒப்புதல் தன்னிச்சையானது, அது ரத்து. விமானங்கள் மூன்று மடங்கு கூடிய பேட்டையில் சர்ச்சை எழாது என்று நம்பியதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. கற்பனை வளம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தோல்வியிலும் நிர்வாகம் நிதானம் இழக்கவில்லை. கொடுக்கும்போது ஒரே நாளில் கொடுத்தது. திரும்ப எடுத்துக்கொள்ளும்போது அப்படி அவசரப்படலாமா? மேற்கு நோக்கிய பாதைகள் 2018 மார்ச்சிலும் மே மாதத்திலும் இரண்டு தவணைகளாகப் பழைய தடத்தை ஒட்டி மாற்றப்பட்டன. கொடைநாளிலிருந்து முதல் தவணைக்கே மூன்றரை ஆண்டு ஆனது. இருந்த இடத்துக்கே திரும்பி வருவது அவ்வளவு நுணுக்கமான பயணம். இரைச்சலைக் குறைக்கப் பாதையை மாற்றக் கேட்கும் எந்த ஊரும் இந்தக் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த நிர்வாகம் மக்கள் குரலைக் கேட்பதே இல்லை என்று யாராவது சொன்னால் அது பச்சை அவதூறு. 2015, 2016-இல் இருபது விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வீடுகளுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். பதில்களை ஆற அமரப் படித்து, 2021 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 65 டெசிபல் சராசரியில் எட்டில் ஒருவருக்குத்தான் கடும் தொல்லை என்பது பழைய கணக்கு. புதிய ஆய்வில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர். விமானச் சத்தம் மனிதர்களுக்குத் தொல்லை தருகிறது என்பது இவ்வாறாக நிறுவப்பட்டது. அதற்காக உணர்ச்சிவசப்பட்டு 65 என்ற கோட்டை அன்றே அழித்துவிடவும் இல்லை.

கேள்வித்தாள்கள் தபாலில் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில், பீனிக்ஸ்காரர்கள் இதே செய்தியைத் தினமும், அரசுக்கு ஒரு தபால்தலைச் செலவுகூட வைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதையெல்லாம் ஆய்வில் சேர்க்க முடியாது. கேள்வித்தாள் அனுப்பாமல் வந்த பதில்கள். அறிவியல் முறைப்படி அவை செல்லாது.