கரிசல் நாட்டு மைலேஜியல்: ஒரு முன்னாய்வு

கோவில்பட்டியில் புதுக் கார் ஒன்று, டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நாலடி நகர்வதற்குள் கேள்வி வந்து விழும்: "எம்புட்டு குடுக்கு அண்ணாச்சி?" வண்டி இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் அண்ணாச்சி தயங்குவதில்லை. "இருவத்திரண்டு தாராளமாக் குடுக்கும்." இந்த இருபத்திரண்டு எந்தச் சாலையில் விளைந்தது, யார் அளந்தது, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏன் ஒரு கட்டை ஏறுகிறது என்பவையே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். கரிசல் மண்ணின் சொல், சோறு, சாமி அத்தனையையும் அலசிவிட்ட அறிஞர்கள் மைலேஜை மட்டும் தொடாமல் விட்டது வியப்புக்குரியது.

ஆய்வெல்லை: வடக்கே சாத்தூர் அருகிலுள்ள எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி, தெற்கே கயத்தாறு அருகிலுள்ள சாலைப்புதூர் சுங்கச்சாவடி, கிழக்கே எட்டயபுரம், மேற்கே கழுகுமலை. டிஎன் 96 பலகை தாங்கிய வண்டிகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. சுங்கக் கட்டணத்தையும் மைலேஜில் சேர்த்துக் கழிக்க வேண்டும் என்று வாதிடும் ஒரு பள்ளி உண்டு. அது தனி ஆய்வுக்குரியது.

முன்னோர் முயற்சிகளைச் சொல்லாமல் மேலே செல்வது மரபல்ல. மலிவுக் காரின் தமிழ்நாட்டு வரலாறு கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவிடம் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்கு அவர் உருவாக்கியதாகவும், அரசு உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோனதாகவும் சொல்வார்கள். அந்தக் கார் எம்புட்டுக் கொடுத்தது என்பது பற்றிக் கோவில்பட்டியில் ஒருவருக்கும் தெரியாததால், இந்த வரலாற்றை இங்கே யாரும் முழுமையானதாக ஏற்பதில்லை. 1983 டிசம்பர் 14 அன்று 796 சிசி எஞ்சினோடு மாருதி 800 வந்தது. 2008 ஜனவரியில், ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற முழக்கத்தோடு டாடா நானோ டெல்லியில் திரை விலக்கப்பட்டது. பத்தே ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. மலிவு என்று சத்தம் போட்டு விற்றால் வாங்குகிறவனுக்குக் கூச்சமாக இருக்கும், மைலேஜ் என்று சொல்லி விற்றால் பெருமையாக இருக்கும் என்ற நுட்பம் அதை விற்றவர்களுக்குத் தெரியாமல் போனது.

கார் வாங்குவதில் மில்லிமீட்டருக்கும் பங்குண்டு. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தபோது, நீளம் 4,000 மில்லிமீட்டரையும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசியையும் தாண்டக் கூடாது என்று கோடு கிழித்தார். பலன்? 2008-ல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் வாலை நறுக்கிக்கொண்டு 3,995-க்கு இறங்கியது. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானை, விறகு, அரிசிச் சிப்பத்தோடு கிளம்பும் குடும்பங்கள் டிக்கியில் இழந்த அந்த அரையடியை எந்தப் பொருளியல் நூலும் பதிவு செய்யவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோதும் அளவுகோல் அதே 4,000 மில்லிமீட்டர், 1,200 சிசிதான்.

இனி அந்த எண்ணின் பிறப்பிடம். விளம்பரத்தில் வரும் மைலேஜ் சாலையில் பிறப்பதில்லை. புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் காரை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். ஏறத்தாழ 20 நிமிட ஓட்டம். பத்து கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90. ஏசி போடுவதில்லை. எதிரே மாட்டுவண்டி வராது, தீப்பெட்டிக் கட்டு ஏற்றிய லாரி முந்தாது, பின் சீட்டில் சித்தப்பா குடும்பம் இருக்காது. இந்தத் தவநிலையில் மாருதி செலேரியோவின் ஒரு வகை லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர் கொடுத்தது. கியர் மாற்றி ஓட்டும் ஆல்டோ கே10 24.39 கொடுத்தது. எண்களில் பொய் இல்லை. எல்லாக் காரையும் ஒரே தராசில் நிறுத்தியதால் எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிட அவை நன்றாகவே உதவும். சித்திரை மாத வெயிலில் ஏசியை நாலில் வைத்துக்கொண்டு அதே எண்ணை எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

கரிசலில் மைலேஜைத் தின்பவற்றுள் முதலிடம் காற்றுக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கயத்தாற்றில் எவ்வளவு பிரசித்தம் என்றால், காற்றாலைகளைச் சோதிக்க மத்திய அரசின் நிலையமே அங்கேதான் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு நேர் எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், கார் உணர்வது 110. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே என்பார்கள். தள்ளும், தடை 0.4 மடங்குக்கு இறங்கும். இரண்டையும் கூட்டினால் 2.3. காற்றே இல்லாத நாளில் அது 2. அதாவது ஆடியில் திருநெல்வேலிக்குப் போகையில் பிடுங்கியதை, வருகையில் காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் இது. மேலே போட்ட தார்ச்சாலை இரண்டொரு மழைக்குப் பின் அலை அலையாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் காட்டுப்பாதைக்குள் விட்டால் சகதி டயரில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, வண்டி உறுமுமே தவிர நகராது. அந்நேரத்தில் மைலேஜ் சுழியம். போதாக்குறைக்குப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிவிட்டது.

களத்தில் வழங்கும் அளவீட்டு முறை கவனத்துக்குரியது. பங்கில் துப்பாக்கி 'டக்' என்று தானாக நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம் பிடிக்கும் தம்பி" என்று உரிமையாளர் இறங்கி வந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்குவார். உள்ளே சிக்கிய காற்று குமிழ்விட்டு வெளியேறும்; இன்னும் அரை லிட்டர் இறங்கும். ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குவார். அடுத்த முறை நிரப்பும்போது இதே குலுக்கலை இதே அளவில் குலுக்கினால்தான் கணக்கு செல்லும். முடிவு, சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டரின் கிழித்த தாளுக்குப் பின்னால் பென்சிலில் எழுதப்படும். 17.8 வந்தால் அந்தத் தாள் காணாமல் போகும். 21 வந்தால் சட்டைப் பையிலேயே பல நாள் இருக்கும்.

சாட்சிகளின் நம்பகத்தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும். சொந்தக்காரர் இரண்டு கூட்டிச் சொல்வார். சம்பள டிரைவர் இரண்டு குறைத்துச் சொல்வார். காரணத்தை முதலாளிகள் அறிவார்கள். மெக்கானிக், "ஓட்டுற காலப் பொறுத்தது சார்" என்பார். மூவரில் அவர் கூற்றே அறிவியலுக்கு மிக நெருங்கியது.

2025 ஆகஸ்டில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டதும் இத்துறை ஆட்டம் கண்டிருக்க வேண்டும். விலையைக் கேட்ட மாத்திரத்தில் ஆய்வுலகம் பெட்ரோலுக்கே திரும்பிவிட்டது.

கடைசியாகப் பணம். கோவில்பட்டிக் குடும்பக் கார் எங்கே போகிறது? மதுரை ஆஸ்பத்திரி, திருச்செந்தூர், இரண்டு மூன்று கல்யாணம். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் 250 லிட்டர் குடிக்கும். 25 கொடுப்பது 200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் ஆண்டுக்கு 5,000 ரூபாய், மாதம் 417. சிஎன்ஜி வண்டிக்கு எண்பது, தொண்ணூறாயிரம் கூடுதல். கிலோ 90 ரூபாய் வாயுவில் 27 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 20 கொடுக்கும் பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். போட்ட காசை எடுக்க 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதாவது பத்து ஆண்டு. அதுவரை டிக்கியில் சிலிண்டர்தான் உட்கார்ந்திருக்கும். நாள்தோறும் தூத்துக்குடி போய்வரும் வியாபாரிக்கு இதே கணக்கு இரண்டே ஆண்டில் தேறிவிடும்; அவருக்குச் சிஎன்ஜி நியாயம். மற்றவர்கள் பிரேக், ஏர்பேக், பக்கத்தில் நல்ல சர்வீஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே மிச்சம்.

இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் கண்ணாடி போட்டு, வரி வரியாக விரல் வைத்து வாசித்து, கூட்டலைச் சரிபார்த்து, "கணக்கு சுத்தம்" என்று ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு, இருபத்தைந்து கொடுக்கும் காருக்கே முன்பணம் கட்டுவார். மச்சினன் வண்டி இருபத்திநாலு கொடுக்கிறதாம்.