பெருவிரல் வாழ்க!

தொழில் தர்மம் செத்துவிட்டது என்று யார் சொன்னது? மாத்தளை நீதிமன்ற வாசலுக்கு வந்து பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் எல்கடுவையா, ரத்தோட்டையா என்று வழக்குப் பிடிக்கும் தரகர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். செருப்பைப் பார்த்தே பீஸ் போடும் அந்த ஞானத்தைச் சட்டக் கல்லூரியில் கற்றுத் தருவதில்லை.

உள்ளே வழக்கு சிங்களத்தில் நடக்கும். அந்த மொழி தெரியாதவருக்கு அரசு மொழிபெயர்ப்புத் தரவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. எழுந்து அதைக் கேட்க வேண்டியவர் சட்டத்தரணி. கேட்டால் நேரம் போகுமே! வெளியே வந்து, "ஒன்னும் பயப்படாதீங்க, அடுத்த தவணை" என்பார். தோட்டத்து ஆளுக்குத் தமிழில் கிடைக்கும் தீர்ப்பு அது ஒன்றுதான். நேர்மையானவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தரகர் அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப் போகமாட்டார், அவ்வளவுதான்.

காணி உறுதி முடிக்கும் கலை இதற்கும் மேல். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறக்கூடாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம். வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சிகள் முன்னால் வாசித்து விளக்க வேண்டும் என்பது 1907இன் நொத்தாரிசுச் சட்டம். "நானே வாசித்து விளக்கினேன்" என்று கடைசிப் பந்தியில் முன்கூட்டியே டைப் அடித்தாயிற்று. கைநாட்டு வைக்க வரும் தோட்டத்து அம்மா மலையை விட்டு இறங்குமுன்பே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது! கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலைக் கிளாக்கர் பிடித்து மையில் அமுக்குகிறார். ரேகை சரியாக விழவில்லை; மறுபடியும் அமுக்குகிறார். சாட்சிகளா? ஒருவர் கிளாக்கர். மற்றவர் பிளேன்டீ வாங்கப் போயிருக்கிறார், வந்து ஒப்பம் வைப்பார். எழுத்தறியாத ஒருத்தியின் விரலைப் பிடித்து இழுத்துத்தான் வயிறு வளர்க்க வேண்டுமா? தூ!

அதே 1840இல் வந்த 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத கண்டிச் சீமைக் காணிகளை முடிக்குரியவை என்று சொல்லிக் கோப்பித் தோட்டத்துக்கு வழிவிட்டது. 1848இல் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. அதற்காக இராணுவ நீதிமன்றம் குடாபொல தேரர் என்ற பிக்குவுக்கு மரண தண்டனை விதித்தபோது, அவர் குற்றமற்றவர் என்றார்கள் அக்காலச் சட்டத்தரணிகளான புரக்டர்கள். அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் செல்பியே தேசாதிபதி டொரிங்டனிடம் போய்த் தண்டனையைத் தள்ளிவைக்கக் கேட்டார். ஊரிலுள்ள புரக்டர்கள் அத்தனை பேரும் சொன்னாலும் சாகத்தான் வேண்டும் என்று கத்தினார் டொரிங்டன். காவியோடு சுட்டார்கள். பாவம் டொரிங்டன், அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார். இன்றென்றால் அவர் கத்த வேண்டியே இராது. முற்பணம் கட்டாத பிக்குவுக்காக யார் வாசற்படி ஏறுவார்?

கண்டிக்க ஆளில்லையா என்றால், உயர் நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இருக்கின்றன. நற்பெயரும் தகைமையும் உள்ள சட்டத்தரணிகள் இழிவென்று கருதும் நடத்தை கூடாதாம். அளவுகோல் அவர்கள் கையிலேயே! புகார் கொழும்புக்குப் போகவேண்டும், சத்தியக் கடதாசியோடு. அதை எழுதித் தர இன்னொரு சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும். பெயரைக் கேட்டதும், "அவரா? தங்கமான மனுசனாச்சே" என்பார். பிறகு, கடதாசிக்கு எவ்வளவு என்று சொல்வார்.