மாப்ளே, மோட்டாருக்கு உன் மீசை தெரியாது

வா மாப்ளே, வா. வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு குடுத்துட்டாங்க போல. கோயமுத்தூர் மோட்டார் கம்பெனியில உனக்குப் பேரு ‘பாகுபலி’யாமே? எங்கக்கா போடி பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது. “எம்மவன் எம்பது கிலோ ரோட்டரை ஒத்த ஆளாத் தூக்கி வைப்பான்”னு. ஆனா சட்டைக்குள்ள இடுப்பைச் சுத்தி அகலமா ஒரு பெல்ட்டு கட்டிருக்கியே, அதைப் பத்தி மட்டும் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல.

கோவிச்சுக்காத. மாமன் கேலி பேசாம வேற எவன் பேசுவான்? உன் மொறப்பொண்ணு, அதான் எம்மக, இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமா படிக்கிறா. உன்னைக் கட்டிக்கிறாளோ இல்லையோ, அவ படிச்சதையாவது காதுல வாங்கிக்க. அமெரிக்காவுல நையோஷ்னு ஒரு அரசாங்க நிறுவனமாம். நோவு இல்லாத இடுப்பை அந்தப் பெல்ட்டு காப்பாத்தும்கிறதுக்கு ருசு இல்லைன்னு 1994-லயே எழுதிட்டானாம். டாக்டரு கட்டச் சொன்னா கட்டிக்க, அது வேற சங்கதி. பெல்ட்டு கட்டியிருக்கோம்கிற தைரியத்துல இன்னும் பத்து கிலோ சேத்துத் தூக்குற பாரு, அதைத்தேன் சொல்றேன்.

அதே ஆளுக எம்புட்டு தூக்கலாம்னும் கணக்குப் போட்டுருக்காங்க. பாரம் ஒடம்பை ஒட்டி இருக்கணும், இடுப்பைத் திருப்பக் கூடாது, எட்டிப் புடிக்கக் கூடாது, நல்ல பிடிமானம் இருக்கணும். இம்புட்டும் சரியா இருந்தா 23 கிலோ. ஒண்ணு கொறஞ்சாலும் கணக்கு அதுக்குக் கீழ எறங்கிரும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ல கொஞ்சம் தாராளமா, ஆம்பளைக்கு மிஞ்சிப் போனா 55 கிலோன்னு பரிந்துரை செஞ்சுது. நீ எம்பது தூக்குற. ரெண்டையும் கூட்டித் தூக்குறேன்னு பெருமைப்பட்டுக்க மாப்ளே, ரெண்டு கிலோ மிச்சமும் இருக்கு.

நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெம்பு இல்லாமலா வழிநெடுக சுமைதாங்கிக் கல்லு நட்டு வச்சான்? தலைச்சுமையைக் குனியாம எறக்கி, குனியாம ஏத்திக்கிடத்தான் அம்புட்டு ஒசரத்துல படுக்கக் கல்லு போட்டான். தரையில கெடக்கிற பாரத்தைக் குனிஞ்சு எடுக்கையிலதேன் இடுப்பு போகும்னு பள்ளிக்கூடமே போகாதவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உங்க கம்பெனியில ஐடிஐ படிச்சவன் ரோட்டரைத் தரையில உருட்டி விடுறான், டிப்ளமா படிச்சவன் அதைக் குனிஞ்சு எடுக்கிறான். இடுப்பு ஒசரத்துக்கு ஒரு டிராலி வாங்குனா மொதலாளி சொத்தா அழிஞ்சு போகும்?

நம்ம மலையையே எடுத்துக்க. மூணாறுத் தேயிலையைக் கீழ கொண்டாரணும். 1902-ல குண்டளைப் பள்ளத்தாக்குல வெள்ளைக்காரன் ஒத்தத் தண்டவாளம் போட்டு மாட்டைக் கட்டி இழுக்க வச்சான். 1908-ல அதை மாத்தி ரெண்டடி அகலத்துல குட்டி ரயிலு விட்டான். அது டாப் ஸ்டேசனோட நின்னு போச்சு. அதுக்குக் கீழ கிடுகிடு பள்ளம். என்ன செஞ்சான்? நம்ம ஆளுகளக் கூப்புட்டு “எவன்டா இங்க பாகுபலி?”ன்னா கேட்டான்? கம்பி கட்டி ரோப்வே போட்டு பெட்டியைக் கொட்டகுடிக்கு எறக்கிட்டான். அங்கருந்து வண்டி கட்டி போடிக்கு. 1924 வெள்ளம் மேல ஓடுன ரயிலை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. வெள்ளைக்காரன் நம்ம மேல பிரியப்பட்டுச் செய்யல, அவனுக்குச் சரக்கு சேதமாகாம போகணும். சரக்கு மேல அவனுக்கு இருந்த அக்கறையில பாதி உன் இடுப்பு மேல உனக்கு இருந்தாப் போதும்ங்கிறேன்.

சரி, தூக்குற கதையை விடு. தூக்குறது பெரிய வித்தையே இல்ல. கிரேன் இருக்கு, செயின் பிளாக்கு இருக்கு, பட்டனை அமுக்குனா தூக்கும். சாய்க்கிறதுதேன் மாப்ளே வித்தை. சிலமலை, ராசிங்காபுரம், உப்புக்கோட்டைன்னு போர் மோட்டார் கழட்டித் திரிஞ்சவன் நானு. முக்காலி போட்டு, செயின் பிளாக்கை மாட்டி, பைப்புல கிளாம்பைக் கவ்வ விட்டு இழுத்தா மோட்டாரு நேரா மேல வரும். அதுவரைக்கும் எவன் வேணாலும் இழுப்பான். வெளிய தலை காட்டுன பொறவு அதைச் சாய்ச்சு மண்ணுல படுக்க வைக்கணும் பாரு, அங்கதேன் கூட நிக்கிறவன் புத்தி தெரியும். அடிமுனை எந்தப் பக்கம் எத்தும்னு தெரியாதவன் அந்தப் பக்கமே போயி நிப்பான்.

உங்க கம்பெனியிலயும் அதே கூத்துதேன். காயில் சுத்துன ஸ்டேட்டரை வார்னிஷ் தொட்டியில எறக்க நிமுத்துறீங்க, மறுபடி படுக்க வைக்கிறீங்க. ஒரு டன்னு ஸ்டேட்டருன்னு வச்சுக்க. ஒரே ஒரு கொக்கியை ஒரு பக்கத்துல மாட்டி இழுக்குற. மொதல்ல கனமா, மெதுவா, சாதுவா வரும். அதோட நடுப்பாரம் கீழ்விளிம்புக்கு நேரா வர்ற வரைக்கும் நீ அதை இழுக்குற. அதைத் தாண்டி ஒரு நூல் போச்சுன்னா அது உன்னை இழுக்கும். செயினு தொளதொளன்னு தொய்யும், ஸ்டேட்டரு தன் பாட்டுக்கு மறுபக்கம் சாயும், தொய்ஞ்ச செயினு வெடுக்குனு இறுகும். அந்த வெடுக்குல செயினு மேல விழுற பாரம் ஒரு டன்னு இல்ல, அதைவிட எத்தனையோ பங்கு. கொக்கி நிமிந்துக்கிடும், இல்லாட்டி பாரத்தைக் கட்டுன பெல்ட்டு அறுந்துக்கிடும். கண்ணை மூடித் தொறக்குற நேரம் கூட கெடைக்காது, மீசையை எங்க முறுக்குறது?

அதுக்குத்தேன் ரெண்டு கொக்கி. ஒண்ணு ஏத்தும், இன்னொண்ணு எதுத்தாப்புல புடிச்சுக்கிட்டே விட்டுக் குடுக்கும். நடுப்பாரம் எப்பவும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும், ரெண்டு செயினும் ஒரு நிமிசம் கூடத் தொய்யக் கூடாது. அடிவிளிம்பு வழுக்காம மரக்கட்டை அண்டக் குடுக்கணும். பாரம் இரும்புக் கூட்டுல நிக்கணும், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற காயில் மேல நிக்கக் கூடாது. தெனம் சாய்க்கிற சோலின்னா அதுக்குன்னே டில்டிங் டேபிள் விக்கிறான். தட்டுல உக்கார வச்சா அதுவே 90 டிகிரி திருப்பிக் குடுக்கும். அதை வாங்கச் சொல்லி மொதலாளிகிட்டக் கேட்டா, “பாகுபலி இருக்கையில மிசினு எதுக்கு?”ம்பாரு. உனக்குப் பட்டம் எதுக்குக் குடுத்தாங்கன்னு இப்பப் புரியுதா?

என்னது? சூப்பர்வைசரு ஒரே கொக்கியிலயே சட்டுனு முடிக்கச் சொல்றாரா? தாராளமாச் செய்யி. அதுக்கும் சில நல்ல வழிமுறைக இருக்கு, கேட்டுக்க. பாரம் தொங்கையில அதுக்கு நேர் கீழ நில்லு, கோயமுத்தூர் வெயிலுக்கு நல்ல நெழலு. அது ஆடுனா கையால புடிச்சு நிறுத்து, டன்னு கணக்குல ஆடுற இரும்பு உன் மூஞ்சியப் பாத்து வெக்கப்பட்டு நின்னுரும். மரக்கட்டையை அது எறங்குற கடைசி நேரத்துல வெரலால தள்ளி விடு, வெரலு பத்து இருக்கே. ஒரு பக்கம் எடை பத்தலைன்னா நீயே ஏறி உக்காந்துக்க. இதையெல்லாம் கூட நிக்கிறவன் செல்லுல படம் எடுக்கட்டும், பின்னால விசாரணைக்கு ஒதவும்.

சிரிக்கிற பாரு, இப்பத்தேன் எங்கக்கா மகன். இனி நெசமாச் சொல்றேன்.

ரெண்டு பேரு ஒரு கூழ் அண்டாவைக் காதைப் புடிச்சுத் தூக்கிட்டு வர்றாங்கன்னு வையி. ஒட்டி நடந்தா கை நேரா தொங்கும், பாதிப் பாதி பாரம். சண்டைக்காரன் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் வெலகி நடந்தாங்கன்னா அண்டா அதேதேன், கூழும் அதேதேன், ஆனா தோள்பட்டை கழண்டுரும். கிரேன் கொக்கியில தொங்குற பெல்ட்டுக்கும் அந்தக் கணக்குதேன். ஒரு டன்னு பாரம், பெல்ட்டுக்கு ரெண்டு கால். பெல்ட்டு தரைமட்டத்துல இருந்து 60 டிகிரியில நின்னா காலுக்கு 580 கிலோ. 45-க்கு எறங்குனா 710. 30-க்கு வந்துட்டா ஒவ்வொரு காலுக்கும் முழுசா ஒரு டன்னு. 15 டிகிரின்னு அகட்டி வச்சேன்னா காலுக்கு ரெண்டு டன்னு கிட்ட ஆயிரும். பெல்ட்டு நீளம் பத்தலைன்னு அகட்டி மாட்டுறவன் ஒரு டன்னை நாலு டன்னாக்குற மந்திரவாதி. கொஞ்சம் நீளமான பெல்ட்டா எடு, இல்லாட்டி குறுக்குக் கம்பி போட்டுத் தூக்கு.

பெல்ட்டுக்குக் கலரு இருக்கே, அது தீபாவளிக்கு எடுத்ததில்ல. ஊதா ஒரு டன்னு, பச்சை ரெண்டு, மஞ்சள் மூணு, சாம்பல் நாலு, செவப்பு அஞ்சு. அதுவும் நேராத் தூக்குனாத்தேன். சுருக்குப் போட்டுத் தூக்குனா அஞ்சுல ஒரு பங்கு கொறச்சுக்க. ஓரத்துல கிழிஞ்சிருந்தா முடிச்சுப் போட்டு ஓட்டாத, வெட்டிக் குப்பையில போடு. முழுசாப் போட்டா அடுத்த ஷிப்ட்டுக்காரன் எடுத்து மாட்டிருவான்.

அப்பறம் மோட்டார் தலையில ஒரு வளையம் திருகி இருக்கும்ல, ஐ போல்ட்டு. அது அந்த மோட்டாரைத் தூக்க மட்டுந்தேன். பம்பு, அடிச்சட்டம்னு குடும்பத்தையே மாட்டி வச்சுட்டு அந்த ஒத்த வளையத்துல தூக்காத. கழுத்து வரைக்கும் திருகி உக்காந்திருக்கணும், நேரா மேல இழுக்கணும். சாச்சு 45 டிகிரியில இழுத்தா, அது தாங்குறது கால்வாசி அளவுக்கு எறங்கிரும்.

ரோட்டரை ஸ்டேட்டருக்குள்ள நுழைக்கிறதைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதேன். அடியில அட்டையைப் போட்டு, தண்டு முனையில பைப்பை மாட்டி நீட்டி, மெல்ல நகத்தணும். பேரிங்கு உக்கார்ற எடத்துல பெல்ட்டைக் கட்டாத. அங்க ஒரு கீறல் விழுந்தா மோட்டாரு போற எடமெல்லாம் உன் பேரைச் சொல்லிக்கிட்டே சுத்தும். 1937-ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரு செஞ்சு பேரு வாங்குன ஊருல உனக்கு இந்தப் பேரு வேணுமா?

எதைத் தூக்குனாலும் மொதல்ல அரை அடி தூக்கி நிறுத்து. சாயுதா, வழுக்குதா, சுத்துதா, கொக்கியோட நாக்கு மூடியிருக்கான்னு பாரு. சரியில்லைன்னா எறக்கி மாத்திக் கட்டு. ஆட்டத்தை அடக்க ஒரு கயித்தைக் கட்டித் தள்ளி நின்னு புடி. கை காட்டுறவன் ஒருத்தனாத்தேன் இருக்கணும். ஆனா “நிறுத்து”ன்னு சொல்ற உரிமை டீ கொண்டார பையனுக்குக் கூட உண்டு. பதறாத காரியம் சிதறாது.

இதெல்லாம் மாமன் கொண்டாந்த சட்டமில்ல. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 29-ஆம் பிரிவுலயே, தூக்குற மிசினு, செயினு, கயிறு எல்லாத்தையும் பன்னண்டு மாசத்துக்கு ஒருக்காவாவது தகுதியுள்ள ஆளு முழுசாச் சோதிக்கணும், எம்புட்டு தாங்கும்னு அது மேலயே எழுதியிருக்கணும், அதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போட்டுட்டாங்க. காயம்படுற அளவுக்குப் பாரத்தை ஆளைத் தூக்க வைக்கக் கூடாதுன்னு 34-ஆம் பிரிவு சொல்லுச்சு. நாடு சுதந்திரம் வாங்கி மறு வருசமே உன் இடுப்புக்கும் வாங்கிக் குடுத்துட்டாங்க. நீதேன் எம்பது கிலோவுக்கு அதை வித்துட்ட.

லீவு முடிஞ்சு போனதும் ஒரே ஒரு காரியம் செய்யி. சண்டை போடாத, சங்கம் கூட்டாத, மூஞ்சியத் தூக்காத. சூப்பர்வைசரு “ஒரே கொக்கியில சாய்ங்கப்பா, ஒண்ணும் ஆகாது”ன்னு சொல்வாருல்ல, அப்பக் கையைக் கட்டிக்கிட்டுப் பணிவா ஒரு தாளை நீட்டு. “சார், அந்த ‘ஒண்ணும் ஆகாது’ங்கிறதை மட்டும் இதுல எழுதி, கீழ ஒரு கையெழுத்தும் தேதியும் போட்டுக் குடுத்துருங்க”ன்னு கேளு. அவரு பேனாவைத் தேடிக்கிட்டு இருக்கையிலயே ரெண்டாவது கொக்கி வந்து சேந்துரும்.