தங்கள் துறைமுகத்தின் தாதா யார்? தகவல் கேட்டு ஒரு சினிமா ரசிகனின் மனு

பெறுநர்
பொதுத் தகவல் அலுவலர்,
வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம்,
தூத்துக்குடி.

பொருள்: சினிமாவில் காணப்படும் துறைமுகமும் தங்கள் வசம் உள்ள துறைமுகமும் ஒத்துப்போகாமை – தகவல் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் இந்த மனுவை அனுப்புகிறேன். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துள்ளேன். இந்தச் சட்டத்தில் தகவல்தான் கேட்கலாம், கருத்துக் கேட்கக் கூடாது என்று மனு எழுதித் தரும் அண்ணாச்சி எச்சரித்தார். நல்லதாகப் போயிற்று. கருத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன், தகவலை மட்டும் தாங்கள் கொடுத்தால் போதும்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் தியேட்டரில் படம் பார்த்துப் பழகியவன். படித்தது குறைச்சல், பார்த்தது அதிகம். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே திரையில் தெரிந்துகொண்டதுதான். அதில் இதுவரை குழப்பம் வந்ததில்லை. சொந்த ஊரைப் பற்றியும் திரையில் தெரிந்துகொள்ளப் போன இடத்தில்தான் வினை வந்தது.

படத்தில் துறைமுகம் என்றால் எப்போதும் ராத்திரி. கண்டெய்னர்கள் அடுக்கடுக்காக நிற்கும். நடுவே ஒரு சந்து, அந்தச் சந்தில் ஒருவன் ஓடுவான், பத்துப் பேர் துரத்துவார்கள். வேலை செய்கிற ஆள் ஒருவரைக்கூடக் காண முடியாது. கடைசியில், கோட்டுப் போட்ட ஒருவர் கப்பலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பார். அவர் திரும்பினால் இடைவேளை.

குடும்பத்தோடு முயல் தீவுக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் நானும் தங்கள் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறேன். நிலக்கரி தெரிகிறது. காற்றாலை இறக்கை தெரிகிறது. ஒவ்வொன்றும் தென்னை மரங்களைப் படுக்கப்போட்டு ஒட்டவைத்த நீளம், லாரி திரும்புவதற்குள் நமக்கு வயதாகிவிடும். கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம் கல்லைக் கொட்டிக் கட்டிய இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் தெரிகின்றன. கோட்டுப் போட்டவரை மட்டும் காணோம்.

ஆகவே தாங்கள் தர வேண்டிய முதல் தகவல்: தங்கள் ஆணையத்தில் ‘தாதா’ பணியிடம் அனுமதிக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில், அது எந்த ஆண்டிலிருந்து காலியாக உள்ளது? 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோதே நிரப்பாமல் விட்டார்களா, அல்லது 2011-இல் வ.உ.சி. பெயர் வைத்தபோது கூச்சப்பட்டுக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டாரா? ‘ரெட்ரோ’ படத்தில் சூர்யாவை எடுத்து வளர்ப்பவரே தூத்துக்குடித் தாதாதான். அப்பா ஸ்தானத்தில் ஜோஜு ஜார்ஜ் நன்றாகவே செய்திருந்தார். பிற்பாதியில் படம்தான் அந்தமான் பக்கம் ஒதுங்கி எங்கேயோ போய்விட்டது. அந்தப் பணியிடத்தில் பொறுப்பு தாதாவாகவாவது யாரேனும் இருந்தால் பெயர் வேண்டாம், பதவிக்காலம் போதும்.

அடுத்தது சரக்குக் கையாளும் திறன் பற்றியது. தாங்கள் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் கையாளுவதாகப் பேப்பரில் படித்தேன். அதற்குக் கிரேன், கன்வேயர் என்று எவ்வளவு செலவு! 2010-இல் வந்த ‘சிங்கம்’ படத்தில், தான் ஓங்கி அடித்தால் அந்த அடி ஒன்றரை டன் என்று போலீஸ் அதிகாரி துரைசிங்கம் பகிரங்கமாக அறிவித்திருக்கிறார். நல்லூர்க்காரர், நம்ம மாவட்டம். ‘சிங்கம் 2’-இல் தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்.சி.சி. வாத்தியாராக மறைந்திருந்து துறைமுகத்தையே கண்காணித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 கோடி டன்னுக்கு 2 கோடியே 67 லட்சம் அடி. ஒரு நாளைக்கு 73 ஆயிரம் சொச்சம். படத்தில் அவர் காட்டிய வேகத்துக்கு இது காலைப் பலகாரத்துக்கு முன்னாலேயே முடிகிற வேலை. அவரை எந்தக் காரணத்தால் தங்கள் ஆணையம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதற்கான கோப்பின் நகல் வேண்டும்.

‘கூலி’க்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 14, முதல் நாள். துறைமுகக் கதை, ரஜினி, கூலித் தொழிலாளி, பேட்ஜ் நம்பர் 1421. விசிலடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அடித்தேன், அதில் பொய்யில்லை. சௌபின் சாஹிர் வரும் காட்சிகளில் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தேன். மற்றபடி நாகார்ஜுனா வந்தார், உபேந்திரா வந்தார், கடைசியில் ஆமிர்கானும் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு முடிப்பதற்குள் கதை ஆறிப்போனது. என் மனக்குறை அதுவல்ல. துறைமுகம் விசாகப்பட்டினத்தில்! இத்தனை வருஷமாக வில்லன்களுக்கு இலவசமாக இடம் கொடுத்த ஊர் நாங்கள். சூப்பர் ஸ்டார் வருகிறார் என்றதும் ஆந்திராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது தொடர்பாகத் தாங்கள் ஆட்சேபக் கடிதம் எதுவும் அனுப்பினீர்களா?

படத்துக்குப் பேர் ‘கூலி’. இரண்டே முக்கால் மணி நேரத்தில் மூட்டையைத் தூக்கியதைவிட ஆளைத் தூக்கி எறிந்ததுதான் அதிகம். பாரம் தூக்குவது என்றால் என்ன என்று பார்க்க நான் அதற்கு முந்தின வருஷம் வந்த ‘வாழை’க்குத்தான் போக வேண்டியிருந்தது. அதில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன், லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிறான். தலையில் தார் ஏறியதும் கழுத்து உள்ளே போகிறதே, அந்த ஒரு ஷாட்டுக்கு இயக்குநர் மாரி செல்வராஜுக்குக் கைகொடுக்க வேண்டும். தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்பதுதான் அந்த ஊரின் மொத்தப் போராட்டமும். அந்த ஒரு ரூபாய்க்காக வயிறு பதறியது. நாகார்ஜுனாவின் கோடிகள் பறிபோனபோது நான் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தேன். அவருடைய ‘பைசன்’ 2025 தீபாவளிக்கு வந்தது, மணத்தி கணேசனின் கபடி வாழ்க்கையை ஒட்டி எடுத்தது. நீளம் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தப் பையன் மூச்சு வாங்குவது நிஜமாகவே மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. கிரேன் ஷாட்டில் இல்லாமல் காலால் நடந்து இந்த மாவட்டத்துக்குள் வந்தவர் மாரி செல்வராஜ் ஒருத்தர்தான் என்று எனக்குப் படுகிறது. துறைமுகப் பக்கம் அவர் இன்னும் வரவில்லை.

கடத்தல் விஷயத்தில் தங்கள் மீது எனக்கு வருத்தமில்லை, சினிமாக்காரர்கள் மீதுதான். அவர்களுக்குக் கடத்தல் என்றால் போதைப் பொருள், துப்பாக்கி, வைரம். எங்கள் கடற்கரையில் போலீசும் கோஸ்ட் கார்டும் பிடித்ததாகப் பேப்பரில் வருவதைப் பாருங்கள்: பீடி இலை, கடல் அட்டை, மஞ்சள். ஆமாம், சாம்பாருக்குப் போடும் மஞ்சள்தான். இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு, இங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் மஞ்சள் மூட்டை போகிறது. எந்த வில்லன் மஞ்சள் மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துச் சுருட்டுப் பிடிப்பான்? பிரகாஷ்ராஜால்கூட முடியாது. ஆனால் எடுக்கத் தெரிந்தவன் எடுத்தால் அதில் ஒரு முழுப்படம் இருக்கிறது: அக்கரையில் ஒருவன் வீட்டு ரசத்துக்கு நிறமில்லை, இக்கரையில் ஒருவன் ஜெயிலில்.

‘கிங்ஸ்டன்’ என்று ஒரு கடல் பேய்ப் படமும் வந்தது. கடலுக்குள் போனவன் பிணமாகத்தான் திரும்புவான் என்பதால் ஊரே கடலுக்குப் போவதில்லை. முயற்சி பெரிசு, ஜி.வி.பிரகாஷும் உழைத்திருக்கிறார். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கே இங்கே விசைப்படகுக்காரர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். அத்தனை காலம் கடலுக்குப் போகாமல் அந்த ஊர் எப்படிச் சோறு தின்றது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்ததில், பேய்க்கு ஒழுங்காகப் பயப்பட முடியவில்லை.

அடுத்து, முத்து. எங்கள் ஊரை ‘முத்து நகர்’ என்கிறார்கள். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அந்தப் பேர். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் முங்கியதெல்லாம் சங்குக்குத்தான். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைய வைத்துக் காட்டினார்கள். அதைப் பற்றி ஒரு டாகுமெண்டரி அளவுக்குக்கூட என் கண்ணில் பட்டதில்லை. அதே சமயம், முத்து வளர்ப்புக்கே பேர்போன ஜப்பானுக்கு 1998-இல் இங்கிருந்து ஒரு ‘முத்து’ போய் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியது. நமக்கு விளைந்த முத்து அது. அந்தப் படப்பெட்டி தங்கள் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதா, ஆம் எனில் எந்தப் பிரிவில் கணக்கு வைக்கப்பட்டது என்ற விவரம் தேவை.

முத்துக்குளிப்பு முடிந்த அதே 1961-இல் இன்னொன்றும் நடந்தது. பி.ஆர்.பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். தங்கள் பெயர்ப் பலகையில் இருப்பவரின் கதை, சிவாஜி நடிப்பு. படம் ஓடவில்லை, பந்துலுவுக்குக் கை கடித்தது. இன்றைக்கு டிவியில் போடும்போது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்; டிக்கெட் வாங்க வேண்டிய நாளில் நம் தாத்தாக்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள். அதிலிருந்து கோடம்பாக்கத்துக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது போலும்: தூத்துக்குடியில் கப்பல் விட்டவனைக் காட்டாதே, கப்பலில் கடத்துகிறவனைக் காட்டு.

எனக்கென்னவோ அந்தக் கதையை மாஸ் படமாகவே எடுக்கலாம் என்று தோன்றுகிறது. 1906-இல் ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வருகிறது. வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மா ஏறிக்கொள் என்றது. கூடவே ஏறுகிறவனுக்கு ஒரு குடையும் இலவசம் என்றது. குடை கொடுத்து ஹீரோவை ஒழித்த வில்லன் உலக சினிமாவில் வேறு எங்காவது உண்டா? கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, செக்கிழுத்தல், கம்பெனி மூடல், கப்பல் போட்டிக்காரனிடமே போய்ச் சேர்வது. இடைவேளைக்கே நாலு இடம் இருக்கிறது. படம் எடுக்க யாராவது தங்களிடம் அனுமதி கேட்டு வரும்போது, பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்கும் வெங்காயமும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகளைக் காட்டுங்கள். அதற்குக் கிராபிக்ஸ் தேவையில்லை.

இனி வருவது தங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் எழுதுகிறேன், சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுத எனக்குக் கொஞ்சம் பயம். துரைசிங்கம் அடிக்கும்போது கைதட்டியவர்களில் நானும் உண்டு. லாக்கப்பில் அடித்தாலும் தட்டினோம், ரோட்டில் அடித்தாலும் தட்டினோம். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிபட்டுச் செத்தார்கள். அந்த வாரம் ‘சிங்கம்’ எடுத்த இயக்குநர் ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். நம்ம மாவட்டத்து மனிதர். தமிழ் சினிமாவில் எனக்குப் பிடித்த க்ளைமாக்ஸ்களில் அந்த அறிக்கையையும் சேர்த்திருக்கிறேன்; ஸ்லோமோஷன் இல்லை, பின்னணி இசை இல்லை, ஒரு சுமோவும் பறக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து படமும் இன்னும் வாராவாரம் டிவியில் வருகின்றன, அறிக்கை வருவதில்லை. கைதட்டியவர்கள் யாரும் அறிக்கை விட்டதாகவும் தகவல் இல்லை.

இதே மாவட்டத்து மணப்பாட்டை மட்டும் சினிமாக்காரர்கள் மரியாதையாக நடத்தியிருக்கிறார்கள் என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன். ‘நீர்ப்பறவை’, ‘கடல்’ இரண்டும் அங்கே எடுத்தவை. மேட்டில் கோயில், கீழே மணல், காற்று. ‘கடல்’ கதை எனக்குப் பிடிபடவில்லை, ஊர் பிடித்தது. ‘நீர்ப்பறவை’யில் திரும்பி வராத புருஷனுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நந்திதா தாஸ் முகம் மறக்கவில்லை. கடலுக்குப் போனவர் வீட்டில் அப்படித்தான் இருப்பார்கள்.

நிற்க. மேற்கண்ட கேள்விகளுக்குச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பழைய ஆள், காத்திருந்து பழகியவன், எனக்கு அவசரமில்லை. ‘கூலி’ 28 நாளில் ஓடிடிக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
பால்கனி டிக்கெட் கிடைக்காவிட்டாலும் படம் பார்க்கும்
தூத்துக்குடி ரசிகன் ஒருவன்

பின்குறிப்பு: தாதா பணியிடம் காலியாக இருப்பது உறுதியானால், விண்ணப்பப் படிவம் ஒன்றும் சேர்த்து அனுப்பவும். மச்சானுக்கு. கோட்டு அவனிடமே இருக்கிறது, கல்யாணத்துக்குத் தைத்தது.